மேனகாவின் கொட்டாவி

வில்பட்டி விலக்கில் டீக்கடை வைத்திருக்கும் பிச்சை முகம்மது சொன்ன எதையும் அந்த ஊர் நாற்பது வருஷமாக நம்பியது கிடையாது. அதில் அவருக்கு வருத்தமும் கிடையாது. நம்புகிறவன் டீயைக் குடித்துவிட்டு எழுந்து போய்விடுவான். நம்பாதவன்தான் இன்னொரு டீ சொல்லி, உட்கார்ந்து வாதாடுவான். ஆகவே டவுன் பஸ்ஸுக்காக ஸ்டாப்பில் காத்து நின்ற காட்டுமாட்டைப் பற்றியும், "பின்னாடி வண்டி காலியா வருது" என்று கண்டக்டர் அதைச் சமாதானப்படுத்தியதைப் பற்றியும் அவர் முகத்தில் ஒரு சுருக்கம் அசையாமல் சொல்லிவந்தார். ஒரு மார்கழியில் மூடுபனி கடைக்குள் புகுந்து மூன்று நாள் வெளியேற மறுத்ததாம். சாக்கில் அமுக்கிக் கட்டி வத்தலக்குண்டு சந்தைக்கு அனுப்பினாராம். கீழே போய்ப் பிரித்தால் சாக்கில் ஈரம் மட்டும்தான் இருந்ததாம். எடை குறைகிறது என்று கமிஷன் கடைக்காரன் சண்டைக்கு வந்தானாம்.

இப்படி மலைமலையாகப் பொய் சொன்ன மனிதர், ஓர் உயிரை வாங்கிய பொய்யை ஒரே வரியில் சொன்னார். அது ஒரு நீர்யானையைப் பற்றியது.

நீர்யானை வந்தது பொய்யில்லை. கலைந்துபோன ஒரு சர்க்கஸ் கம்பெனியில் மிஞ்சியதை, வில்பட்டிக்கு மேலே சரிவில் ரிசார்ட் கட்டிய வெளியூர் முதலாளி ஒருவர் வாங்கி, லாரியில் ஏற்றிக் கொண்டுவந்தார். சிமெண்டில் பெரிய தொட்டி கட்டி அதில் இறக்கினார். பெயர் மேனகா. பெயர் வைத்தவன் அதைப் பார்த்துத்தான் வைத்தானா என்று ஊரில் பேச்சு. டூரிஸ்டுகள் பகலில் போய் எட்டிப் பார்த்தார்கள். தண்ணீருக்கு மேலே இரண்டு காது, இரண்டு கண், இரண்டு மூக்குத்துளை. அவ்வளவுதான் காட்சி. உள்ளே பாக்கி இருக்கிறது என்பதை அவரவர் நம்பிக்கொள்ள வேண்டியதுதான். ஊர்க்காரர்களும் ஒரு தடவை பார்த்துவிட்டு, தண்ணீரில் ஊறப்போட்ட திண்டு என்று சொல்லித் திரும்பினார்கள்.

அதன் கூடவே சர்க்கஸிலிருந்து வந்தவன் சண்முகராஜ். பன்னிரண்டு வருஷம் அதற்குப் புல் போட்டவன். சமவெளி உடம்பு, இரண்டு ஸ்வெட்டர், ஒரு மப்ளர், ஒரு குல்லா எல்லாம் போட்டும் நடுங்கிக்கொண்டே பிச்சையின் அடுப்புக்குப் பக்கத்தில் வந்து உட்காருவான். டீ குடித்தபடி மேனகாவின் குணங்களை ஒவ்வொன்றாகச் சொல்லுவான். பிச்சை வாய் திறக்காமல் கேட்டார். அடுத்தவன் பேச அவர் கேட்டது அந்தக் கடையில் அதுவே முதல் தடவை.

சண்முகராஜ் சொன்ன அத்தனையும் உண்மை. பிச்சைக்கு அதுதான் சிக்கலாகப் போயிற்று.

புரட்டாசியில் ஒரு சாயங்காலம் கடை நிறையக் கூட்டம். டவுன் பஸ் கண்டக்டர் பாலமுருகன் ட்ரிப்புக்கு நேரம் இருக்கிறது என்று பெஞ்சில் காலை நீட்டியிருந்தான். இராமலிங்கம் பூண்டுக்கு மருந்தடித்த கையைக் கழுவிவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தார். இராமலிங்கத்துக்கு ஊருக்குக் கீழே கேரட்டும் மலைப்பூண்டும் போட்ட ஏழு அடுக்கு நிலம். பிச்சையும் அவரும் ஒரே வயது. இராமலிங்கத்தின் மனைவி வள்ளியைப் பிச்சை தங்கச்சி என்று கூப்பிடுவதால் இராமலிங்கம் அவருக்கு மாப்பிள்ளை.

"மாப்ள, அந்த நீர்யானை இருக்கே, அதுக்கு நீச்சல் தெரியாது" என்று ஆரம்பித்தார் பிச்சை.

"பெறகு?"

"தண்ணிக்கு அடியில தரையில நடந்து போகும். அஞ்சு நிமிசம் மூச்சே விடாது."

"சரி."

"வேர்வை செவப்பா வரும். ரத்தம் மாதிரி."

பாலமுருகன் கொட்டாவி விட்டான். பிச்சை அவசரமாக மேலே போனார்.

"சாணி போடயில வாலை விசிறி மாதிரி சுத்தி, செடி கொடி மேலெல்லாம் வாரி அடிக்கும். இது என் எடம்னு அதுக்கு அர்த்தம். பகல் பூராம் தண்ணிக்குள்ள கெடந்துட்டு இருட்டுனதும் மேய வெளிய வரும். ஒரு ராத்திரிக்கு நாப்பது கிலோ. அம்புட்டு உடம்பை வச்சுக்கிட்டு மனுசனை விட வெரசா ஓடும்."

"அந்தக் காலை வச்சுக்கிட்டா?" என்றார் இராமலிங்கம். "நாலு பூசணிக்காய் மேல பீப்பாயைத் தூக்கி வச்ச மாதிரி இருக்கு. அது ஓடுமாம். என்ன பாய், வயசாயிருச்சு உமக்கு. மூடுபனியைச் சாக்குல கட்டுனப்ப இருந்த ருசி இதுல இல்லையே."

கடை சிரித்தது. பிச்சையைப் பார்த்துச் சிரித்தது. பிச்சை சொன்னதற்குச் சிரிக்கவில்லை. அந்த வித்தியாசம் நாற்பது வருஷம் கடை நடத்தியவருக்குத் தெரியாதா? இரண்டு பேர் எழுந்துவிட்டார்கள். பாலமுருகன் பையைத் தோளில் மாட்டினான்.

அன்று காலையில்தான் சண்முகராஜ் சொல்லியிருந்தான்: "அது வாயைப் பொளந்துச்சுன்னா கொட்டாவின்னு நெனைச்சிராதீங்க பாய். முழம் நீளம் பல்லு. போயிருங்கறதை அது அப்படித்தான் சொல்லும். ஒரு தடவைதான் சொல்லும்."

பிச்சை டீயைத் தூக்கி ஆற்றினார். முகம் அசையவில்லை.

"கடைசியா ஒண்ணு மாப்ள. அது கொட்டாவி விட்டா தூக்கம் வந்துருச்சுன்னு அர்த்தம். நின்ன எடத்துல நிக்கணும். சண்முகராஜ் தாலாட்டு ஒண்ணு எடுத்து விடுவான். ரெண்டாவது அடிக்கு அது குறட்டை விட ஆரம்பிச்சிரும். அதுக்கு மேல பாடுனா அவனுக்கே தூக்கம் வந்து தொட்டிக்குள்ள விழுந்துருவான்."

எழுந்த இரண்டு பேரும் உட்கார்ந்துவிட்டார்கள். இராமலிங்கம் சிரித்த சிரிப்பில் டீ மூக்கில் ஏறி, பிச்சைதான் முதுகில் தட்டிவிட்டார். அன்றிலிருந்து டீக்கடையில் யாராவது கொட்டாவி விட்டால், "பாய், தாலாட்டு!" என்பது வழக்கமாகிவிட்டது.

கார்த்திகையில் ஏதோ வழக்கில் ரிசார்ட்டுக்குப் பூட்டு விழுந்தது. முதலாளி மலை இறங்கினார். பிறகு கரண்டைப் பிடுங்கினார்கள். மோட்டார் நின்றது. தொட்டியில் தண்ணீர் நாளுக்கு ஒரு விரல் இறங்கியது. சண்முகராஜ் தோட்டந்தோட்டமாகப் போய் முட்டைக்கோஸ் கழிவைப் பொறுக்கிக் கொண்டுவந்து போட்டான்; குடத்தில் தண்ணீர் சுமந்து மேனகாவின் முதுகில் ஊற்றினான். தோல் காய்ந்தால் அதற்கு வெடித்துவிடும். நூறு குடம் ஊற்றினாலும் அந்த முதுகுக்கு அது தூறல்தான். மார்கழி பிறந்ததும் அவனுக்கு நெஞ்சில் சளி கட்டி மூச்சு இழுத்தது. டவுன் பஸ்ஸில் ஏற்றி, வேறு பஸ் மாற்றி வத்தலக்குண்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். வாட்ச்மேன் ஒருவர் இருந்தார். சம்பளம் நின்ற மறுநாள் அவரும் இல்லை.

நான்காம் நாள் இராமலிங்கம் கடைக்கு வந்தபோது முகம் கறுத்திருந்தது.

"கேரட்டு ரெண்டு அடுக்கு போச்சு பாய். ராவோடு ராவா. காட்டுமாடு இப்படி மேஞ்சு பாத்ததில்ல. செரைச்ச மாதிரி வழிச்சுட்டுப் போயிருக்கு."

பிச்சை அடுப்பை மனைவி மரியம் பீவியிடம் ஒப்படைத்துவிட்டு அவருடன் இறங்கினார். அடுக்கு அடுக்காகக் கேரட் தழை மழுங்கக் கிடந்தது. நிலத்தின் அடியில், ஓடையை மறித்துக் கட்டிய குட்டை. அதன் கரையில் மோட்டார் ரூம். கரையோரத்து லந்தானா புதரின் மேலே, இடுப்பு உயரத்துக்குச் சாணி விசிறி அடித்திருந்தது. ஈரமண்ணில் கால்தடம். காட்டுமாட்டின் குளம்பு இரண்டாகப் பிளந்திருக்கும். இதில் நான்கு விரல் இருந்தது. ஒவ்வொரு தடமும் சாப்பாட்டுத் தட்டு அளவு.

குட்டையில் அலை இல்லை. ஏதோ ஒன்று 'புஸ்' என்று மூச்சு விட்டது. பிறகு அதுவும் இல்லை.

பிச்சை இராமலிங்கத்தின் கையைப் பிடித்து இழுத்தார். "மாப்ள, மேல ஏறு. பேசாம ஏறு."

மேல் அடுக்குக்கு வந்ததும், நான்கு விரல் நீர்யானைக்குத்தான் என்று சொன்னார். இராமலிங்கம் சிரிக்கப் பார்த்தார். தடத்தை இன்னொரு தடவை எட்டிப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை.

"அதுவா இம்புட்டுத் தூரம் எறங்கி வந்திருக்கு?"

"தண்ணியைத் தேடி வந்திருக்கு. மாப்ள, நான் சொல்றதைக் கேளு. ராத்திரி மேஞ்சுட்டு வெள்ளனே தண்ணிக்குத் திரும்பும். அதுக்கும் குட்டைக்கும் நடுவுல மட்டும் நிக்காத. அதுக்கு வீடு தண்ணிதான். நேர் கோட்டுல வரும். குறுக்க எது நின்னாலும் பாக்காது."

"சரி பாய்."

"சரின்னா? நம்புறியா?"

"நாலு விரலு இருக்கே" என்றார் இராமலிங்கம். நாற்பது வருஷத்தில் அவர் பிச்சையின் பேச்சை ஒப்புக்கொண்டது அதுதான் முதல் தடவை.

அந்த நேரத்தில் கொட்டாவி விஷயம் பிச்சையின் தொண்டை வரைக்கும் வந்தது. அது பொய், விளையாட்டுக்குச் சொன்னேன், அது வாயைத் திறந்தால் ஓடிவிடு என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்? ஆனால் ஒன்றைப் பொய் என்று எடுத்தால் மற்றதும் சேர்ந்து சரிந்துவிடுமே என்று தோன்றியது. இப்போதுதான் ஒரு மனிதர் நம்ப ஆரம்பித்திருக்கிறார். இதையும் கெடுத்துக்கொண்டால், நான்கு விரலையும் பிச்சையே ராத்திரி வந்து குச்சியால் வரைந்தார் என்பார். முதலில் இது பதியட்டும், அதை நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று விழுங்கிவிட்டார்.

"நாளைக்கு மோட்டார் போட எறங்காத."

"ஆறு மணிக்குத்தானே மும்முனை கரண்டு விடுறான். விட்டா பத்து மணிக்குப் புடுங்கிருவான். பூண்டு காயுது பாய்."

"அப்ப நான் வாரேன். நான் வந்த பெறகுதான் நீ எறங்கணும். தகரம் ஒண்ணு கொண்டாரேன். தூரத்துலேயே தட்டிக்கிட்டு எறங்குவோம்."

"சரிப்பா. வாரும்."

மறுநாள் பிச்சை நாலரைக்கே எழுந்து எண்ணெய் டின் ஒன்றைத் தயாராக வாசலில் வைத்தார். செண்பகனூரிலிருந்து வரும் பால் வண்டி தாமதம். முதல் பஸ்ஸுக்கு ஏழெட்டுப் பேர் நடுங்கிக்கொண்டு நின்றார்கள். பால் வந்து, காய்ந்து, டீ போட்டு முடித்தபோது ஐந்தே முக்கால். டின்னைக் கையில் எடுத்தார்.

"என்ன பாய், டின்னைத் தூக்கிக்கிட்டு?" என்று கேட்டான் பாலமுருகன். "எண்ணெய் வாங்கவா, தாலாட்டுப் பாடவா?"

பிச்சை நான்கு விரலைச் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. ஒருவர், "அட, எங்க பூண்டுலயும் அந்தத் தடம் கெடந்துச்சுப்பா" என்றார். பாலமுருகன் விசில் ஊத மறந்து நின்றான். எல்லோரும் நெருங்கி வந்தார்கள். சாணி எவ்வளவு உயரம் என்று கேட்டார்கள். பிச்சை இடுப்பைத் தொட்டுக் காட்டினார். உண்மையைச் சொல்லி ஒரு கூட்டத்தைக் கட்டிப்போட முடியும் என்பது அவருக்கு அறுபத்தாறு வயதில் அன்றுதான் தெரிந்தது. அது நாக்கில் இனித்தது. டின்னைக் கீழே வைத்துவிட்டு, தண்ணீருக்கு அடியில் நடப்பதிலிருந்து ஆரம்பித்தார்.

பத்து நிமிஷம் இருக்கும். கீழே பள்ளத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. கனத்த ஆள் ஒருவர் உடம்பு குலுங்கச் சிரிப்பதுபோல, ஹூ ஹூ ஹூ என்று அடுக்கடுக்காக. அதற்கப்புறம் ஒரு பெண்ணின் குரல்.

பிச்சை டின்னை எடுக்காமல் ஓடினார்.

காட்டுமாடு எதிரே வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பது வில்பட்டியில் பள்ளிக்கூடம் போகாத குழந்தைக்கும் தெரியும். ஓடக்கூடாது. சத்தம் போடக்கூடாது. பள்ளத்துப் பக்கம் ஒதுங்கி அசையாமல் நிற்க வேண்டும். காட்டுமாட்டுக்கு வீடு மேலே, சோலைக்காட்டில். மேட்டுப் பக்கத்து வழியை விட்டுக்கொடுத்தால் தலையை ஒரு ஆட்டு ஆட்டிவிட்டு அது பாட்டுக்கு ஏறிப் போய்விடும். இராமலிங்கம் பிறந்ததிலிருந்து அப்படித்தான் நின்று, அறுபத்தாறு வயது வரைக்கும் வந்திருந்தார்.

அன்று கரண்ட் ஐந்து நிமிஷம் முந்தி வந்துவிட்டது. மேல் அடுக்கில் நின்றபடி, கீழே மோட்டார் ரூமில் பல்ப் எரிந்ததைப் பார்த்ததும், பாய் வந்துகொண்டுதான் இருப்பார், ஸ்விட்சைத் தட்டிவிட்டு ஏறிவிடுகிறேன் என்று இராமலிங்கம் இறங்கினார். பின்னாலேயே வந்த வள்ளி மூன்றாவது அடுக்கில் நின்றாள். மூடுபனி. பூண்டு வயலுக்குள்ளிருந்து கறுப்பாகப் பெரிதாக ஒன்று வந்தது. பாய் சொன்னது இராமலிங்கத்தின் காதில் இருந்ததோ இல்லையோ, காலுக்குத் தெரிந்தது வேறு. கால் பள்ளத்துப் பக்கம் ஒதுங்கியது. குட்டைக்கும் அதற்கும் நடுவில், நேர் கோட்டில், அசையாமல் நின்றார்.

மேனகா நின்றது. வாயைத் திறந்தது. மூடுபனியில் அந்த வாயின் உள்ளே மட்டும் ரோஸ் நிறமாகத் தெரிந்தது என்று வள்ளி பிறகு சொன்னாள். அப்படியே கொஞ்ச நேரம் திறந்து வைத்திருந்தது. போகச் சொல்லிக் காத்திருந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

இராமலிங்கம் திரும்பாமலே, மெதுவான குரலில், "தூக்கம் வந்துருச்சு இதுக்கு. பாய் சொன்னது சரிதான்" என்றார். சிரித்தார்.

பிச்சை போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. ஒரே கடி. இடுப்புக்கு மேலே ஒரு பாதி, இடுப்புக்குக் கீழே ஒரு பாதி என்று சொன்னால் போதும். வள்ளி மேல்பாதியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு கரையில் உட்கார்ந்திருந்தாள். மோட்டார் ரூமில் விளக்கு எரிந்தது. குட்டைக்கு நடுவில் இரண்டு காது, இரண்டு கண், இரண்டு மூக்குத்துளை. அதற்குக் கோபமும் இல்லை, பசியும் இல்லை. வீட்டுக்குப் போகிற வழியில் ஒருவர் நின்றார், இப்போது நிற்கவில்லை.

போலீஸ் வந்தது. ஊர் முழுக்கக் கரைக்கு மேலே கூடி நின்றது. வெயில் ஏறியதும் மேனகா முதுகைக் கொஞ்சம் வெளியே காட்டியது. முதுகெல்லாம் சிவப்பாக ஊறி வழிந்தது. "ஐயையோ, மனுச ரத்தம்!" என்று கூட்டம் அலறியது. அது வேர்வை என்று பிச்சைக்குத் தெரியும். சொன்னால் இப்போது நம்புவார்கள் என்றும் தெரியும். சொல்லவில்லை.

அதை எப்படிப் பிடிப்பது, யார் உத்தரவு வாங்குவது என்று மூன்று நாள் பேசினார்கள். நான்காம் நாள் ஆஸ்பத்திரிக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு சண்முகராஜ் வந்தான். கரையில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டான். காது ஒரு தடவை ஆடியது. அன்று ராத்திரி உறைபனி விழுந்தது. விடிந்தபோது புல்லெல்லாம் வெள்ளை. குட்டையில் ஒன்றும் இல்லை. மறுநாள் மத்தியானம் ஊதி மேலே மிதந்தது. நீர்யானை தண்ணீரிலேயே செத்துப்போகும் என்பதை ஊர் அன்றுதான் பார்த்தது.

புதைக்க ஜேசிபி வந்தபோது சண்முகராஜ் பிச்சையின் பக்கத்தில் நின்றான்.

"வாயைப் பொளந்தா என்னன்னு நான் உங்ககிட்டச் சொல்லித்தான் இருந்தேன், பாய்."

"சொன்னே."

"நீங்க அவர்கிட்டச் சொல்லலியா?"

பிச்சை ஜேசிபியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். சண்முகராஜ் சாயங்கால பஸ்ஸில் இறங்கிப் போனான். டீ குடிக்க வரவில்லை.

அதன்பிறகு பிச்சை முகம்மதுவின் வார்த்தைக்கு வில்பட்டியில் வந்த மரியாதையைச் சொல்லி முடியாது. பாய் அன்னைக்கே சொன்னாரப்பா, நாமதான் கேக்கல என்றார்கள். உறைபனி எப்போது விழும், கோஸ் எப்போது வெட்டலாம், பெண்ணை அந்த வீட்டில் கொடுக்கலாமா என்றெல்லாம் அவரிடம் வந்து கேட்டார்கள். தெரியாது என்றார். அதையும் நம்பினார்கள். கடையில் யாரும் வாதாடவில்லை. ஒரு டீயோடு எழுந்து போனார்கள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து பந்தல் பிரித்த மறுநாள், வெள்ளனே அவர் வள்ளி வீட்டுக்குப் போனார். அவள் முற்றத்தில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். முன்னால் கதை எதையும் அவிழ்த்துவிடாமல் அவர் நேராகச் சொன்னது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்.

"தாயி. கொட்டாவி விட்டா தூக்கம்னு நான் சொன்னது பொய். சும்மா சிரிக்கட்டும்னு சொன்னேன். வாயைத் தொறந்தா ஓடணும். அது எனக்குத் தெரியும். முந்தின நாளே சொல்லியிருக்கலாம். சொல்லல."

வள்ளி கையிலிருந்த பூண்டை உரித்து முடித்தாள். அடுத்ததை எடுக்கவில்லை.

"தெரியும்ணே" என்றாள்.

பிச்சைக்குப் புரியவில்லை.

"அது வாயைத் தொறந்தப்ப நான் மேல நிக்கேன். கண்ணு எனக்கு நேரா இருந்துச்சு. தூங்கப்போற கண்ணு எனக்குத் தெரியாதா? அது தூங்குற கண்ணு இல்ல. இவரு சிரிக்காரு. கத்தணும்னு வாய் வரைக்கும் வந்துருச்சு. மாட்டுக்கு முன்னாடி சத்தம் போடாத, சத்தம் போடாதன்னு கல்யாணம் ஆன நாள்லருந்து இவரே சொல்லுவாருல்ல. சேலையை எடுத்து வாயில திணிச்சுக்கிட்டேன்."

தூரத்தில் முதல் பஸ் ஏற்றத்தில் முனகியது.

"கத்தியிருந்தா ஓடியிருப்பாரு" என்றாள் வள்ளி. "இதை நான் யார்கிட்டயும் சொல்லல. நீங்களும் சொல்லிறாதீங்க."

"நான் சொன்னா எவன் தாயி நம்புவான்?"

"இப்ப நம்புவாங்கண்ணே. அதுக்குத்தான் சொல்றேன்."

கீழே மோட்டார் ரூமில் பல்ப் எரிந்தது. கரண்ட் வந்துவிட்டது. வள்ளி முந்தானையை உதறிக்கொண்டு மோட்டார் போட எழுந்தாள். வாசலில் சாய்த்து வைத்திருந்த பழைய தகரத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். பிச்சை முன்னால் தட்டிக்கொண்டே இறங்கினார். குட்டையில் இப்போது ஒன்றும் கிடையாது என்று இருவருக்கும் தெரியும். அவள் பின்னால் வந்தாள்.